லிஃப்ட்டக்காவும் நாலு வீட்டு அவசரமும்

அந்த மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் இருப்பது ஒரே ஒரு லிஃப்ட். அதன் இரும்புக் கிராதிக் கதவைக் கையால் இழுத்துச் சாத்த வேண்டும். கொக்கி விழும் சத்தம் ‘டக்’கென்று கேட்டால்தான் பெட்டி நகரும். பாதி சாத்தினால் பிடிவாதக் குழந்தை மாதிரி நின்ற இடத்தை விட்டு அசையாது. புதுக் கட்டடத்தில் தானே திறந்து தானே மூடிக்கொள்ளும் லிஃப்டுகள் மூன்று ஓடுகின்றன. என்ன செய்ய, ஆபரேஷன் தியேட்டர் இன்னும் பழைய கட்டடத்தின் ஐந்தாவது மாடியிலேயே இருக்கிறது. அங்கே போக வேண்டியவர்கள் படி ஏற வேண்டும், இல்லையென்றால் லிஃப்ட்டக்காவின் தயவுக்குக் காத்திருக்க வேண்டும்.

லிஃப்ட்டக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. பத்தொன்பது வருஷமாக அந்தப் பெட்டிக்குள் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், தலைக்கு மேலே கரகரவென்று சுற்றும் ஒரு சின்ன மின்விசிறி. பேருந்து ஓட்டும் அவள் கணவர் அவளைச் சீண்டாத நாள் கிடையாது.

“நான் ஓட்டுற வண்டி ஊரையே சுத்தி வருது. உன் வண்டி எங்க போகுது?”

“சொர்க்கத்துக்கு ஒரு மாடி கீழ வரைக்கும் போகுது. வேணும்னா ஏறிக்குங்க, இறக்கி விடுறேன்.”

பெட்டி ஒரு ஸ்ட்ரெச்சரையும் நின்றுகொண்டு வரும் மூன்று பேரையும் தாங்கும். ஸ்ட்ரெச்சர் இல்லையென்றால் எட்டுப் பேர். கீழ்த்தளத்தில் கதவுக்கு வெளியே எந்நேரமும் இருபது பேராவது நிற்பார்கள். யாரை ஏற்றுவது, யாரை நிறுத்துவது என்று மேலதிகாரி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அது முழுக்க அவள் கையில். தப்பாக முடிவெடுத்தால் மேலே யாரோ ஒருவரைப் பார்க்க யாரோ ஒருவர் பிந்திப் போவார். அந்தப் பயம் முதல் நாளே அவளோடு சேர்ந்து பெட்டியில் ஏறியது. இறங்கவே இல்லை.

சிக்கல் என்னவென்றால் இருபது பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்.

“அவசரம்.”

அவள் பெயரைவிட அதிகமாக அவள் காதில் விழுந்த சொல் அது. முதல் வருஷம் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. எல்லாருக்குமா அவசரம்? ஒரு முறை வியர்வை வழிய ஓடி வந்த ஒருவர், “அக்கா, ரொம்ப அவசரம்” என்று கெஞ்சினார். ஆறு பேரை ஒதுக்கி அவரை ஏற்றி, “எந்த வார்டு?” என்று கேட்டால், அவர் நெளிந்துகொண்டே, “வார்டு இல்லக்கா... ரெண்டாவது மாடியிலதான் கழிப்பறை திறந்திருக்குன்னாங்க” என்றார். பெட்டி சிரித்து அடங்க மூன்றாவது மாடி வந்துவிட்டது. அவரை மறுபடி ஒரு மாடி கீழே இறக்க வேண்டியதாயிற்று.

அது தமிழ்க்காரர் அவசரம். அதற்குள்ளேயே இத்தனை அறைகள் இருந்தன. வேறு வீடுகளின் கதவு ஒவ்வொன்றாகப் பிறகுதான் திறந்தது.

அந்த ஊர் வேலைக்கு வந்தவர்களின் ஊர். மருத்துவமனைக்குள் ஒரு நாளில் ஏழெட்டு மொழிகள் நடமாடும். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் தெலுங்கர். ஒல்லியான ஆள், ஓயாத வாய். ஒரு நாள் லிஃப்ட்டக்கா தன் தேநீரில் பாதியை ஊற்றி நீட்டினாள்.

“அவசரம் லேது அக்கா” என்றார் அவர்.

“எனக்கும் ஒண்ணும் அவசரம் இல்ல தம்பி. மெதுவாவே குடி.”

அவர் வேண்டாம் என்று தலையாட்ட, இவள் மெதுவாகக் குடி என்று சொல்ல, அரைக் கோப்பை தேநீர் ஆறிப்போனது. கடைசியில் அவரே தலையில் அடித்துக்கொண்டார். “அக்கா, எங்க வீட்ல அவசரம்னா தேவை. தேவையில்லன்னு சொன்னேன். மூச்சுவிடக் காத்து அவசரம், தாகத்துக்குத் தண்ணி அவசரம். கடிகாரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

லிஃப்ட்டக்கா அன்று வீட்டுக்குப் போய் அடுப்பின் முன் நின்றவள் நின்றவள்தான். தேவை! அவசரம் என்று சொல்லிக்கொண்டு கதவுக்கு வெளியே நின்ற எத்தனை தெலுங்குக்காரர்களை, ‘கொஞ்சம் பொறுங்க, உலகம் அழிஞ்சிடாது’ என்று அவள் அதட்டியிருப்பாள்! அவர்கள் நேரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பால் பொங்கி வழிந்ததைக் கணவர் வந்து சொன்ன பிறகுதான் பார்த்தாள்.

அடுத்தது மலையாள நர்ஸ். ஐந்தாவது மாடி தியேட்டரில் வேலை. ஒரு காலையில் கண்ணீரோடு ஓடி வந்து, “சேச்சி, எனிக்கொரு அவசரம் கிட்டி!” என்று லிஃப்ட்டக்காவின் கையைப் பிடித்தாள். யாருக்கோ ஆபத்து என்று லிஃப்ட்டக்கா முடிவுகட்டினாள். எல்லாரையும் இறக்கிவிட்டு நர்ஸை மட்டும் ஏற்றி எங்கும் நிறுத்தாமல் ஐந்தாவது மாடிக்குக் கொண்டுபோய், “யாருக்கு என்னம்மா ஆச்சு?” என்றாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் வீட்டில் அவசரம் என்றால் வாய்ப்பு. இந்தி பேசும் காவலாளி அதைக் கேட்டு, “எங்க ஊர்லயும் அதேதான் தீதி, வாலை மட்டும் நறுக்கிட்டு அவ்சர்னு சொல்வோம்” என்றார்.

சமையலறையிலிருந்து சாப்பாட்டு வண்டி தள்ளிவரும் கன்னடத்துப் பெண்மணிக்கு மட்டும் விளக்கமே தேவைப்படவில்லை. அவளுக்கு அவசர என்றால் நம்முடையது மாதிரியே பரபரப்பு. “நீயும் நானும் சொந்தக்காரிங்க” என்று லிஃப்ட்டக்கா அவளைக் கட்டிக்கொண்டாள்.

நான்காவது வீடு சிங்களம். தாயாரைப் பார்க்கத் தினமும் சாயங்காலம் வந்த ஒரு தச்சர் கதவருகே நின்று லேசாகக் குனிந்து, “அவசர?” என்பார். கையைக் கூப்பாத குறை. இந்த ஆளுக்கு மட்டும் அவசரம் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று அவள் குழம்பிப்போனாள். ஒரு நாள் கேட்டே விட்டாள். அங்கே அந்தச் சொல்லுக்கு அனுமதி என்று பொருளாம். ‘உள்ளே வரலாமா?’ என்றுதான் அவர் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பரபரப்பு. தேவை. வாய்ப்பு. அனுமதி. ஒரே முகம், நாலு குணம்.

“ஒரே வயித்துல பொறந்த அக்கா தங்கச்சிங்க நாலு பேரு நாலு வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போன மாதிரி இருக்குங்க” என்று கணவரிடம் சொன்னாள். “மூக்கும் முழியும் அப்படியே இருக்கு. பழக்கவழக்கம் மட்டும் புகுந்த வீட்டுது.”

“அம்மாக்காரி யாரு?” என்றார் கணவர், விளையாட்டாக.

அது நல்ல கேள்வியாகப் பட்டது அவளுக்கு. கால் முறிந்து மூன்றாவது மாடியில் கிடந்த அச்சகத்துப் பிழைதிருத்துநரிடம் கேட்டாள். அவர் மகளிடம் சொல்லி ஒரு தடித்த பழைய சமஸ்கிருத அகராதியை வரவழைத்து, நெஞ்சின்மேல் வைத்துப் புரட்டினார். “சமயம், தகுந்த வேளைன்னு போட்டிருக்கும்மா. அதுக்கும் முன்னாடி ஒரு அர்த்தம் இருக்கு. இறங்கி வர்றது. மழைத் தண்ணி மேலேருந்து இறங்குற மாதிரி.”

லிஃப்ட்டக்கா அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். நாள் முழுக்க ஏறி இறங்குகிறவளுக்கு அது தனக்கென்றே எழுதி வைத்தது போல இருந்தது. எந்த மழையில் இறங்கியதோ, எத்தனை தலைமுறை வாய்களில் உருண்டதோ, இன்றைக்கு இந்தக் கிராதிக் கதவின் முன்னால் வந்து நிற்கிறது. அன்றிலிருந்து அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம், கூட்டத்தில் தெரிந்த முகத்தைக் கண்டவள்போல் அவள் நிமிர்ந்து பார்ப்பாள்.

பார்த்துப் பார்த்து அவள் நிபுணரும் ஆகிவிட்டாள். வாயைத் திறந்த உடனே எந்த வீட்டு அவசரம் என்று கண்டுபிடித்துவிடுவாள். அதற்கு ஒரு வரிசையும் வைத்துக்கொண்டாள். தேவை முதலில். பரபரப்பு அடுத்தது. வாய்ப்பு மூன்றாவது. அனுமதி கேட்கிறவர் கடைசி. அனுமதி கேட்கிற மனிதருக்குப் பொறுமை இருக்கும், நாலு நிமிஷம் நின்றால் குறைந்துபோக மாட்டார். ஸ்ட்ரெச்சர்க்காரர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார்: “எங்க அக்கா நாலு மொழி படிச்சவங்க. அதுவும் ஒரே வார்த்தையில!”

அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வந்தது.

மணி ஒன்பது. கீழ்த்தளத்தில் சந்தைக் கூட்டம். முன்வரிசையில் கைத்தடியோடு ஒரு பெரியவர் நின்றார், அறுபத்தைந்து வயது இருக்கும். மூச்சு வாங்கியது. இன்னொரு கையில் கறுப்புத் துணியுறை ஒன்றைப் பொத்திப் பிடித்திருந்தார். லிஃப்ட்டக்கா கதவைத் திறந்ததும் குனிந்து, “அவசர” என்றார்.

நாலாவது வீடு. லிஃப்ட்டக்கா ஒரு நொடியில் கண்டுகொண்டாள். மனசுக்குள் ஒரு சபாஷும் போட்டுக்கொண்டாள். “கொஞ்சம் இருங்க ஐயா” என்றாள் அன்பாக. ஸ்ட்ரெச்சர் ஒன்று ஏறியது.

இரண்டாவது முறை கீழே வந்தபோது, மருந்துச் சீட்டோடு ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள், நாலைந்து பேர் முண்டியடித்தார்கள். பெரியவர் தடியைப் பின்னால் இழுத்து அவர்களுக்கு வழிவிட்டார். மூன்றாவது முறை இரண்டு டாக்டர்களும் சாப்பாட்டு வண்டியும். அப்போதும் அவர் ஒதுங்கினார், வண்டியின் சக்கரம் இடுக்கில் மாட்டியபோது குனிந்து தூக்கிக்கூட விட்டார். “எவ்ளோ நல்ல மனுஷன்” என்று கன்னடத்துக்காரி மேலே போகும்போது சொன்னாள். லிஃப்ட்டக்காவும் ஆமாம் போட்டாள்.

நான்காவது முறை அவரை ஏற்றினாள்.

“எத்தனாவது மாடி ஐயா?”

“அஞ்சு.”

அந்த ஒரு எண்ணில் லிஃப்ட்டக்காவின் சபாஷ் கரைந்துபோனது. ஐந்தில் தியேட்டரைத் தவிர ஒன்றும் இல்லை. கதவைத் திறந்தபோது எதிரே தியேட்டரின் இரட்டைக் கதவு சாத்தியிருந்தது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே நின்ற மலையாள நர்ஸ் பெரியவரையும் அவர் கையிலிருந்த உறையையும் பார்த்தாள்.

“கண்ணாடி கொண்டு வர்றவர் நீங்கதானா? ஐயோ! உங்க வீட்டம்மா வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தாங்களே. டாக்டர்கிட்ட சொல்லி அஞ்சு நிமிஷம் நிறுத்திவெச்சேன். இப்பதான் உள்ள கொண்டு போனாங்க.”

பெரியவர் தலையசைத்தார். “பரவால்ல” என்றார். நாற்காலியில் உட்கார்ந்து உறையை மடியில் வைத்துக்கொண்டார்.

நர்ஸ் லிஃப்ட்டக்காவின் காதருகே மீதியைச் சொன்னாள். பெரியவரின் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஏற்கெனவே இதயம் பலவீனம், எதுவும் நடக்கலாம் என்று டாக்டர் கையெழுத்து வாங்கியிருந்தார். கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் நிற்பவர் முகம்கூட அந்த அம்மாவுக்கு மங்கல். விழுந்தபோது அது வீட்டிலேயே தங்கிவிட்டது. ‘உள்ள போறதுக்கு முன்னாடி உன் முகத்தை ஒரு தடவை தெளிவா பாத்துக்கிறேன், கண்ணாடியை எடுத்துட்டு வா’ என்று அவரை அனுப்பியிருக்கிறார்.

கீழே மணி விடாமல் அடித்தது. லிஃப்ட்டக்கா கதவைச் சாத்தினாள். கொக்கி சரியாக விழவில்லை. இரண்டாம் முறை இழுத்துச் சாத்தினாள்.

அடுத்த ஒன்றரை மணி நேரமும் அவள் பெட்டியை ஓட்டினாள் என்று சொல்வதைவிட, பெட்டி அவளை ஓட்டியது என்பதே சரி. ஒவ்வொரு முறை ஐந்தாவது மாடிக்குப் போனபோதும் சிவப்பு விளக்கு எரிந்தது. பெரியவர் உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தார். அந்த அம்மா உள்ளேயே கண்ணை மூடிவிட்டால், கடைசியாகப் பார்த்தது ஒரு மங்கல் வாசல். அந்த மங்கலைக் கொடுத்தது யார்?

“உன் மேல என்னக்கா தப்பு?” என்றார் ஸ்ட்ரெச்சர்க்காரர். “அந்த மனுஷன் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னாரு தம்பி. எனக்கு நல்லாவே புரிஞ்சுது. புரிஞ்சதுதான் தப்பு.”

காவலாளியை முக்காலியில் உட்காரவைத்துவிட்டு, காலை இடைவேளைப் பதினைந்து நிமிஷத்தை எடுத்துக்கொண்டு அவள் ஐந்தாவது மாடியில் பெரியவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ஐயா, உங்களை மூணு தடவை விட்டுட்டுப் போனேன்.”

“ஆமா தங்கச்சி.”

“நீங்க கேட்டது அனுமதின்னு தெரியும். அனுமதிதானே, பொறுப்பாருன்னு நெனச்சிட்டேன்.”

பெரியவர் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை. “எங்க அப்பா முன்னாடி உக்கார அவசர கேட்போம். எந்திரிக்க அவசர கேட்போம். அப்படியே பழகிப்போச்சு. பஸ்ஸுல ஏறவும் கேப்பேன், பஸ் போயிடும். எம் பொண்டாட்டி முப்பத்தேழு வருஷமா திட்டுறா. ‘கேட்டுக்கிட்டே நில்லு, உலகம் உன்னைத் தாண்டிப் போயிடும்’ அப்டீன்னு.”

“மூச்சு வாங்குச்சு, உறையை அப்படிப் பொத்திப் பிடிச்சிருந்தீங்க. அதையெல்லாம் நான் பாத்திருக்கணும்.”

“பாத்தீங்க. ‘கொஞ்சம் இருங்க ஐயா’ன்னு நல்லபடியா சொன்னீங்க. அவ்ளோ நல்லா யாரும் சொல்றதில்ல.”

இதற்கு அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த மனிதருக்கு அன்று காலை பரபரப்பும் இருந்தது, தேவையும் இருந்தது. முகம் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு ஐந்து நிமிஷத்தில் நழுவிக்கொண்டிருந்தது. நாலையும் சுமந்துகொண்டு வந்து நின்றவர் வாயிலிருந்து வெளியே வந்தது ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவள் வரிசை போட்டாள். ஒரு சொல் நாலு வீட்டில் இருப்பதைப் பார்த்து வாய் பிளந்தவளுக்கு, அந்த நாலு வீடும் ஒரு ஆளுக்குள்ளேயே இருக்கும் என்று தோன்றவில்லை. அவர் மடியிலிருந்த கறுப்புத் துணியுறையைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். இடைவேளை முடிந்ததைக் காவலாளி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஐந்தாவது மாடி மணி அடித்தது. லிஃப்ட்டக்கா கதவைத் திறந்தாள். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. இரட்டைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்ட்ரெச்சர் வந்தது. மேலே பச்சைத் துணி, அதற்கு மேலே ஒரு சின்ன முகம். கண் திறந்திருந்தது. இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள்.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது சேச்சி. மூணாவது மாடிக்குப் போகணும்” என்றாள் நர்ஸ்.

ஸ்ட்ரெச்சர் ஏறியது. சொட்டு மருந்துக் கம்பியோடு நர்ஸ் ஏறினாள். தள்ளுகிறவர் ஏறினார். லிஃப்ட்டக்காவோடு சேர்த்து மூன்று. பெட்டி நிறைந்துவிட்டது. ஓடி வர முயன்று தடி தடுக்கி நின்ற பெரியவர், வழக்கம்போலக் கைத்தடியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். குனிந்தார். வாயைத் திறக்கப் போனார்.

“கேக்காதீங்க” என்றாள் லிஃப்ட்டக்கா. முக்காலியைக் காலால் மூலைக்குத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். “உள்ள போங்க ஐயா.”

ஸ்ட்ரெச்சர்க்காரர் திகைத்தார். “அக்கா, முக்காலியில ஆள் இல்லாம வண்டி நகரக் கூடாதுன்னு ரூல்...”

“ரூல்கிட்ட நான் பேசிக்கிறேன். கதவை நல்லா இழுத்துச் சாத்து, டக்குன்னு கேக்கணும். மூணை அமுக்கு.”

டக்கென்று கேட்டது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெட்டி, அவள் வேலை நேரத்தில், அவள் வெளியே நிற்க நகர்ந்தது. கிராதி வழியே பெரியவரின் செருப்பு, வேட்டி, உறையைத் திறக்கும் விரல்கள், நரைத்த தலை என்று ஒவ்வொன்றாக கீழ்விளிம்புக்குள் இறங்கி மறைவதைப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படிகளில் ஓடினாள். நாற்பத்து நாலு படிகள். மூட்டு இரண்டும் கத்தின. பக்கத்துச் சுவருக்குள் பெட்டியும் அவளோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது, அதன் முனகல் கேட்டது. இறங்கி வருவது, மழைத் தண்ணி மாதிரி என்று பிழைதிருத்துநர் வாசித்தது ஏனோ அந்த ஓட்டத்தில் அவள் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது மாடியில் பெட்டியும் அவளும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தார்கள். வெளியிலிருந்து கதவை இழுத்தாள்.

அந்த அம்மாவின் மூக்கின்மேல் கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருந்தது. ஒரு காம்பு காதில் மாட்டவில்லை. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாக, கணவரின் முகத்தை விட்டு நகராமல் இருந்தன. முனகலாக, ஆனால் நிறுத்தாமல் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் தலையைத் தலையை ஆட்டினார். லிஃப்ட்டக்காவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அந்தத் தொனி மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

“திட்டுறாங்களா ஐயா?” என்றாள் மூச்சு வாங்க.

பெரியவரின் கண்ணில் நீர் நின்றது. வாய் நிறையச் சிரித்தார். “கேக்குறா தங்கச்சி... கீழ நின்னு அவசர கேட்டுக்கிட்டு இருந்தியான்னு.”

ஸ்ட்ரெச்சர் வார்டுக்குள் உருண்டு போனது. அதன் பின்னால் கைத்தடி டொக்கு டொக்கென்று போனது. லிஃப்ட்டக்கா பெட்டிக்குள் வந்து முக்காலியை நேராக்கி உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதியை ஒரே மூச்சில் குடித்தாள். கீழிருந்து மணி நீளமாக அடித்தது.

கீழ்த்தளத்தில் கதவைத் திறந்தபோது இருபத்தைந்து பேர் நின்றார்கள். இருபத்தைந்து பேரும் அதையே சொன்னார்கள், வால் வைத்தும் வால் நறுக்கியும். லிஃப்ட்டக்கா கதவைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“எந்த மாடி? யாரைப் பாக்க? எத்தனை மணிக்குள்ள?”

முன்னால் நின்ற இளைஞனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. “என்னக்கா இது, அவசரம்னு தெளிவா சொல்றேன்ல?”

“காதுல விழுந்துது கண்ணு” என்றாள் லிஃப்ட்டக்கா. “அதான் கேக்குறேன்.”